தச்சன் கருவியும் தமிழ்ப் புலமையும்

புறநானூற்றின் 87 ஆம் பாட்டிலே, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கும் ஔவையார் ஓர் உவமை கூறுகின்றார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாத காலம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை ஒப்பவன் எம் தலைவன் என்பது அவ்வுவமை. இப்பாட்டை நாம் வகுப்பறையிலே படித்திருக்கின்றோம். திணையும் துறையும் எழுதியிருக்கின்றோம். உவமையின் நயம் பாராட்டிப் பரீட்சையிலே புள்ளியும் பெற்றிருக்கின்றோம். ஆனால், எட்டுத் தேரை ஒரு பகலிலே முடிக்கும் கைவன்மை உடையவனுக்கு ஒரு சக்கரத்தின்மீது ஒரு மாதம் ஏன் வேண்டியிருந்தது என்ற வினாவை நம்முள் எத்தனை பேர் எழுப்பினோம்? 'சக்கரத்தின் வலிமை குறித்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றோம். உவமானத்தை அறியாமலே உவமேயத்தை வியக்கும் இப்பழக்கம் ஒரு பாட்டோடு நிற்கும் குறையன்று. நமது தமிழ்ப் புலமை முழுவதிலும் ஊடுருவி நிற்கும் நோய் அது.

இக்கட்டுரை அந்நோய்மீது தொடுக்கும் வழக்கு. வாச்சியும் உளியும் சீவுளியும் துறப்பணமும் தாங்கிய கைகளிலே ஓர் அறிவு மரபு தங்கியிருக்கின்றது. அம்மரபு தமிழிலே நிகழ்வது. தமிழ்ச் சொற்களாலே கற்பிக்கப்படுவது. அதனைப் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டுகின்றோம், கண்ணாடிப் பெட்டியிலே காட்சிக்கு வைக்கின்றோம். ஆனால் அறிவு என்று மட்டும் ஏற்க மறுக்கின்றோம். மறுப்பதற்குரிய காரணம் அறியாமை மட்டுமன்று. நமது சமூக மனப்பாங்கும் ஆகும்.

முதலிலே அச்சக்கரத்தின் வினாவுக்கு விடை தேடுவோம். விடை நமது நூல்களிலே கிடைக்கவில்லை. ஓர் ஆங்கில நூலிலே கிடைக்கின்றது. இங்கிலாந்தின் ஃபார்னம் என்னும் ஊரிலே பள்ளி ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் ஸ்ரேர்ட், 1884 இல் தந்தையார் இறந்தபின் அவரது வண்டிச் சக்கரப் பட்டடையைப் பொறுப்பேற்றார். தம்மிடம் வேலை செய்தவர்களிடமிருந்தே தொழிலை அவர் கற்க வேண்டியிருந்தது. அவ்வனுபவத்தை 1923 இல் 'சக்கரத் தச்சனின் பட்டடை' என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். சக்கரத்தின் குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக் மரம், வட்டைக்கு ஆஷ் மரம் என ஒவ்வோர் உறுப்புக்கும் அதனதன் தொழிலுக்கேற்ற மரம் தெரிந்தெடுக்கப்பட்டது. வெட்டிய மரம் ஆண்டுக்கணக்கிலே உலரவிடப்பட்டது. ஆரக்கால் ஈர்வாளால் அறுக்கப்படாது, நாரோட்டத்தின் வழியே பிளக்கப்பட்டது. ஏனெனில் நார் அறுபட்ட கால் சுமையின்கீழ் முறியும். குடத்திலே துளைகள் சற்றே இறுக்கமாகக் குடையப்பட்டு, ஆரக்கால்கள் சம்மட்டியால் அறைந்து ஏற்றப்பட்டன. இறுதியிலே, சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாகச் செய்த இரும்புப் பட்டம் தீயிலே பழுக்கக் காய்ச்சப்பட்டு, விரிந்த நிலையிலே வட்டைமீது இறக்கப்பட்டு, நீரூற்றிக் குளிர்விக்கப்பட்டது. குளிரும் இரும்பு சுருங்குகையில் மரப்பொருத்துக்கள் யாவும் நெரிந்து ஒன்றாயின. எவ்வளவு குறைத்து வெட்டவேண்டும் என்பதே கொல்லனின் அறிவு. குறைவு போதாதெனின் பட்டம் கழன்றுவிடும். மிகின் சக்கரம் நெளிந்துவிடும்.

இன்னுமொன்று. அச்சக்கரம் தட்டையானதன்று, தட்டம்போல ஒருபுறம் குழிந்தது. அவ்வாறுதான் செய்யவேண்டும் என்பதைப் பட்டடையிலிருந்த யாவரும் அறிந்திருந்தனர். ஏன் என்பதை ஸ்ரேர்ட் நெடுங்காலம் சிந்தித்தே கண்டார். குதிரை அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் வண்டியின் பாரம் ஒரு புறமும் மறு புறமுமாகத் தள்ளப்படுகின்றது. அப்பக்கவாட்டுத் தள்ளலைத் தட்டையான சக்கரம் நெடுநாள் தாங்காது. குழிந்த சக்கரம் தாங்கும். தொழிலாளியிடம் 'எவ்வாறு' இருந்தது. கற்றவனிடம் 'ஏன்' என்னும் வினா இருந்தது. இரண்டும் ஒரு கூரையின்கீழ்க் கூடியபோதே முழு அறிவு பிறந்தது. கல்விக்கூடம் கைத்தொழிலுக்குச் செய்யக்கூடிய பணி யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி ஔவையாரின் தச்சனிடம் மீள்வோம். குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி ஆகிய சொற்கள் தமிழிலே இருக்கின்றன. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை உறுப்புறுப்பாக வருணிக்கின்றது. அண்மைக்காலம் வரையிலும் மாட்டு வண்டில் செய்தோர் நமது ஊர்களிலே இருந்தனர். ஆரக்காலை அவர்கள் எம்மரத்திலே செய்தனர், எவ்வளவு காலம் உலர்த்தினர், பட்டத்தை எவ்வளவு குறைத்து வெட்டினர் என்பவற்றைக் கேட்டு எழுதிய தமிழ் மாணவர் எத்தனை பேர்? ஔவையாரின் தச்சனைப் புரிந்துகொள்ளுதற்கு ஃபார்னம் ஊரின் பட்டடைக்குச் செல்ல நேர்ந்தமை தமிழுக்கு வறுமை இருந்தமையால் அன்று. தமிழ் கற்றோர் பட்டடை வாயிலை மிதியாமையால்.

கருவி என்பது அறிவின் ஒரு பாதியே. மறுபாதி அதனைப் பிடித்த கையிலும், அக்கை பிறிதொரு கைக்குக் கற்பிக்கும் சொல்லிலும் இருக்கின்றது. துறப்பணத்தைக் கையிலெடுத்து நோக்குவோர்க்கு ஒரு தண்டும் கயிறும் வில்லும் தோன்றும். தண்டை எவ்வளவு அழுத்துவது, வில்லை எவ்விரைவில் இழுப்பது, துளை அடியை அண்மும்போது கை எவ்வாறு தளர்வது என்பன தோன்றமாட்டா. சீவுளியின் அலகு அடிப்பலகைக்குக் கீழே மயிரிழை அளவு நீண்டிருக்க வேண்டும் என்பதையும், நாருக்கு எதிராகத் தள்ளினால் மரம் பிய்ந்துவிடும் என்பதையும் சீவுளியே சொல்லாது. ஆதலின், கருவிகளைச் சேகரித்துப் பெயரட்டை கட்டி வைத்தலோடு கடமை முடிந்தது என எண்ணுவோர், ஏட்டுச்சுவடியின் கட்டுப் பலகைகளைப் பேணிக்கொண்டு ஏட்டைக் கறையானுக்கு விடுவோரை ஒப்பர். நூதனசாலைகள் வேண்டாம் என்பது என் வாதமன்று. பட்டடை உயிரோடிருக்கும்போது அதனைக் காணாதிருந்துவிட்டு, அது மடிந்தபின் எஞ்சியதைக் காட்சிக்கு வைத்து மகிழும் மனநிலையே கண்டிக்கத்தக்கது.

பெருமை பேசும் மரபும் இதற்குக் குறைந்ததன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்ததை நாம் மேடைதோறும் கூறுகின்றோம், கூறவேண்டியதே. ஆயின், அக்கப்பலின் பலகைகள் எவ்வாறு வளைக்கப்பட்டன, எவ்வளவுமுறை கையாளப்பட்டது, பலகைகளின் இடைவெளி எதனால் அடைக்கப்பட்டது என்று மேடையிறங்கிய பேச்சாளரைக் கேட்டுப் பாருங்கள். கப்பல் சென்ற தூரம் அவர்க்குத் தெரியும். கப்பல் கட்டிய மேத்திரியாரின் அறிவு தெரியாது. பயன்பட்ட அறிவை விடுத்து, அதனாற் கிடைத்த புகழை மட்டும் உரிமை கொள்ளுதல் நேர்மையான செயலன்று.

இந்நிலைக்குக் காரணம் யாது? கையால் உழைப்போன் தாழ்ந்தோன், ஏட்டால் உழைப்போன் உயர்ந்தோன் என்ற பிரிவினை நமது சமூகத்திலே சாதியோடு பிணைந்து வேரூன்றியிருப்பதே காரணம். தச்சரும் கொல்லரும் ஊருக்கு ஊழியம் செய்யும் குடிமக்கள் எனக் கருதப்பட்டனரேயன்றி, ஊருக்குக் கற்பிக்கத்தக்க அறிஞர் எனக் கருதப்பட்டாரல்லர். பனையேறும் தொழிலாளியின் நிலை இதனினும் கொடியது. அவனது தளைநாரும் பாளைக்கத்தியும் முட்டியும் குறிக்கும் அறிவை எண்ணிப் பாருங்கள். ஆண் பனையின் பாளையையும் பெண் பனையின் பாளையையும் வெவ்வேறு முறையிலே பதப்படுத்தவேண்டும். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாக அரியவேண்டும். தடித்து அரிந்தால் பாளை விரைவிலே தீர்ந்துவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளியாது கருப்பநீராக இறங்கும், பூசாவிடின் கள்ளாகும். தாவர இயலும் இரசாயனமும் கலந்த இவ்வறிவை உடையோர்க்கு நாம் அளித்த மரியாதை யாது? கோயிற் கதவை அடைத்தோம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மக்கள் போராடவேண்டியிருந்தது. கோயிலுள்ளே விடப்படாதவன் அறிவு கலாசாலையுள்ளே எவ்வாறு விடப்படும்?

இவ்விடத்திலே முற்போக்காளர் சிலர் எழுந்து, 'அவ்வாறாயின் அத்தொழில்கள் மடிவதே நன்று. பிறப்பாலே திணிக்கப்பட்ட தொழில் மறைந்தாலன்றிச் சாதி மறையாது' என்பர். இவ்வாதத்தின் நியாயத்தை நான் மதிக்கின்றேன். தந்தையின் உளியை மகன் ஏந்தியே ஆகவேண்டும் என்று விதிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், நுகத்தடி வேறு, அதனைச் சுமந்தவனின் அறிவு வேறு. நுகத்தடியை முறிக்கும்போது அறிவையும் சேர்த்து எரிப்பின், ஒடுக்கப்பட்டோர் தலைமுறை தலைமுறையாக ஈட்டிய ஒரே சொத்தையும் அவர்களிடமிருந்து பறித்தவராவோம். சாதி ஒழிப்பென்பது தச்சன் மகனை எழுதுவினைஞன் ஆக்குவதோடு முடிவதன்று. எவர் மகனும் மகளும் தச்சுத் தொழிலைத் தலைநிமிர்ந்து பயிலக்கூடிய நிலையை உண்டாக்குவதே அதன் மறுபாதி. முதற் பாதியை ஓரளவு செய்தோம். மறுபாதியை நினைத்தும் பார்த்தோமில்லை.

வேறு சிலர், 'இயந்திரம் வந்தபின் கைக்கருவி எதற்கு?' என்பர். மாட்டு வண்டிலுக்குத் திரும்புவோம் என்று எவரும் கூறவில்லை. ஈர்வாளால் நாள் முழுதும் மரம் அறுத்த தோள்களுக்கு இயந்திரவாள் விடுதலை அளித்தது. அவ்விடுதலையைப் பழிப்போர் அந்த ஈர்வாளை ஒருநாளேனும் இழுத்துப் பார்த்தல் வேண்டும். ஆனால், இயந்திரம் உழைப்பைக் குறைத்ததேயன்றி அறிவின் தேவையைப் போக்கவில்லை என்பதற்கு யப்பானிலிருந்து ஓர் உதாரணம் தருவேன். நிசியோக்கா த்சுனேக்கசு (1908-1995) என்பார் ஹொரியூஜி கோயிலைச் சார்ந்த தச்சர். ஈட்டி முனை போன்ற அலகுடைய பழைய சீவுகருவி ஒன்று, பலகைச் சீவுளி வந்தபின் அந்நாட்டிலே வழக்கொழிந்திருந்தது. பழந்தூண்களிற் பதிந்திருந்த கருவித் தடங்களையும் எஞ்சிய பழங்கருவிகளையும் ஆராய்ந்து, அவர் அதனை மீண்டும் செய்வித்துக் கையாளக் கற்றார். 1528 இல் எரிந்தழிந்த யாக்குசிஜி கோயிலின் மேற்குக் கோபுரம், அவர் தலைமையில் 1981 இல் மீண்டும் எழுந்தது. இயந்திரத் தொழிலில் உலகை வியக்கவைத்த நாடு, தன் தச்சனை அறிஞனாகப் போற்றத் தயங்கவில்லை. மேலும், மறைந்த கருவியொன்றை மீட்க அவர்க்குத் தூணிலே தடமாவது எஞ்சியிருந்தது. 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வையும் 2009 வரை நீடித்த போரையும் கண்ட நமது மண்ணிலே, எத்தனை தூண்கள் எஞ்சின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் மறுப்பு நமது துறையினின்றே எழும்: 'இவை தொழினுட்பக் கல்லூரிக்கு உரியன, தமிழ்த் துறைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?' தொழிற்கல்வியை உயர்கல்வியோடு இணைக்கும் முயற்சிகள் இந்நாட்டிலே நடந்தே வருகின்றன. 2008 இல் தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அவை புதிய தொழிலாளியை உருவாக்குவன. பழைய தொழிலாளியின் சொல்லையும் முறையையும் பதிந்து வைப்பது மொழியும் பண்பாடும் பயில்வோரின் கடனேயாகும். பிரான்சிலே, கத்தி செய்யும் கொல்லர் ஒருவரின் மகனாகிய திதெரோ, 1751 இல் வெளிவரத் தொடங்கிய தம் கலைக்களஞ்சியத்திலே பட்டடைகளுக்குப் பேரிடம் அளித்தார். 17 தொகுதி எழுத்துக்கு 11 தொகுதி படங்கள் துணைநின்றன. அப்படங்களிலே கருவிகளும் தொழில்களும் நிரம்பின. கைத்தொழில்களை இழிவாக நோக்கும் கல்வியைக் கண்டித்ததோடு, தொழிலாளரின் மொழி செப்பமுறத் தொகுக்கப்படவேண்டும் என்றும் அவர் வாதாடினார். அவர் தத்துவஞானியும் இலக்கிய ஆசிரியருமாவர். தொழினுட்பக் கல்லூரியின் அதிபரல்லர்.

அத்தனை தூரம் செல்லவும் வேண்டியதில்லை. நமது அயன்மொழியாகிய தெலுங்கிலே, மொழியியலறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிற்சொல் அகராதி வரிசையொன்றைத் தொடக்கினார். ஊர் ஊராகச் சென்று திரட்டிய உழவுச் சொற்கள் 1962 இலும், கைத்தறிச் சொற்கள் 1971 இலும் வெளிவந்தன. ஏனைய தொழில்களுக்கும் தொகுதிகள் தொடர்ந்தன. யாழ்ப்பாணத்திலே அச்சேறிய அகராதி 1842 இலும், வின்சுலோவின் பேரகராதி 1862 இலும் வெளிவந்தன. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, யாழ்ப்பாண வழக்குகளை அடையாளமிட்டு ஏற்றுக்கொண்டது. அகராதிக் கலையின் தாயகங்களுள் ஒன்று என நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கின்றோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் படைக்கக் குழுக்கள் அமைத்தோம், கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்டோம். மரப்பொருத்துக்கும் இரும்பின் பதத்துக்கும் சொல் வேண்டியபோது பட்டடைக்குச் சென்று கேட்பதற்குப் பதிலாக, மேசையின் முன்னமர்ந்து வடசொல்லா தனித்தமிழா என்று வழக்காடினோம். சொல்லை உடையவன் தெருவின் மறுகோடியிலேயே இருந்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கைத்தொழிலைப் போற்றப் புகுந்தோர் பலர் பழங்காலத்தைப் பொற்காலமாக்கி மயங்கினர். ஸ்ரேர்ட்டின் நூலை 1933 இல் எடுத்தாண்ட லீவிஸ், மறைந்துபோன இசைவான சமுதாயமொன்றின் சான்றாக அதனைக் கண்டார். அச்சமுதாயத்திலே கூலி எவ்வளவு என்ற வினா பின்தள்ளப்பட்டது. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளைப் பதிந்துவைத்த பெருநூல். இலங்கைத் தமிழர் கைத்தொழில்கள்பற்றி அதற்கு ஈடான நூலொன்றை நாம் சுட்டிக்காட்ட இயலுமா? இயலாமை நமக்கு நாணம் தருவதாகுக. எனினும், பரம்பரைத் தொழிலமைப்பிலே அவர் கண்ட ஆன்மிக ஒழுங்கை, அவ்வமைப்பின் அடித்தட்டிலே நின்றோர் கண்டிருப்பர் என்று நம்புதற்கில்லை. அவரது உழைப்பை ஏற்போம், மயக்கத்தை ஏலோம். கைவினைஞனுக்கு வேண்டுவது மாலையன்று. மதிப்பும் ஊதியமும் மாணாக்கருமே.

ஆதலின், இச்சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். முதலாவது, தமிழ் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒவ்வொரு மாணவரும் விடுமுறையொன்றிலே ஒரு பட்டடையில் அமர்ந்து, ஒரு தொழிலின் கருவிகள், சொற்கள், செய்முறைகள் ஆகியவற்றைப் படத்தோடும் ஒலிப்பதிவோடும் தொகுக்கவேண்டும். அது ஆய்வுக் கட்டுரைக்கு ஈடாகக் கொள்ளப்படவேண்டும். ஒலிப்பதிவு செய்யும் வசதி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது; வசதியின்மை என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. இரண்டாவது, அத்தொகுப்புக்கள் தொழிற்சொல் அகராதியாக உருப்பெறும் வரை இம்மலரின் பக்கங்களிலே ஆண்டுதோறும் இடம்பெறவேண்டும். அவற்றின் தலைப்பிலே அறிவை வழங்கிய தொழிலாளியின் பெயர், அவர் இசைவோடு, மாணவர் பெயருக்கு முன்னே அச்சிடப்படவேண்டும். மூன்றாவது, தேர் செய்யும் தச்சர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களை வருகை விரிவுரையாளர்க்குரிய ஊதியத்தோடு அழைத்து, விரிவுரை மண்டபத்திலே மரத்தையும் உளியையும் கொண்டு கற்பிக்கச் செய்யவேண்டும். புறநானூற்று வகுப்பு அங்கே தொடங்குக.

ஔவையார் இன்னொரு பாட்டிலே, 206 ஆம் புறப்பாட்டிலே, பரிசில் நீட்டித்த மன்னனிடம் வெகுண்டு புறப்படுகின்றார். எத்திசை சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்ற தம் துணிவுக்கு அவர் உவமையாகக் கொண்டது மற்றொரு புலவரை அன்று. கோடரியோடு காட்டினுட் புகும் தச்சனின் கைவல்ல சிறுவரை. தம் புலமையையும் தச்சுச் சிறுவரின் கைவன்மையையும் ஒரே நிறையிலே வைத்து நிறுத்தற்கு அம்மூதாட்டி நாணவில்லை. அவர் பாட்டுக்குப் பொருளெழுதிப் பட்டம் பெறும் நாமே நாணுகின்றோம். அந்நாணத்தை விடுத்துப் பட்டடையின் வாயிலை மிதிக்கும்வரை, அவ்விரு பாட்டுக்கும் நாம் எழுதும் உரை குறையுரையே.